தொட்டித் தண்ணீரில் ஒரு பாடம்



உலகப் பிரச்சினைகளுக்குக் கல்வி என்ன செய்யும் என்று பேசச் சொன்னார்கள். அந்தப் பிரச்சினைகளைப் பார்க்க மும்பைத் தமிழர்களாகிய நாம் விமானம் ஏற வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு வீட்டுக்குள் வந்தது. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைமேடு எரிந்தது. செம்பூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி.

பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், வெளியே பொதுக் கழிப்பறை வரிசை. 'தள்ளி நில்லுங்கள்' என்றால் எங்கே போய் நிற்பது? மாநகராட்சி ஊழியர்களும் தனியார் டாக்டர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். காய்ச்சல் பார்த்தார்கள், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள். பள்ளிக்கூடங்கள் தனிமை முகாம்கள் ஆயின. ஜூலை 7 அன்று புதிய நோயாளி ஒரே ஒருவர்! மூன்றாம் நாள், உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரை உலகத்துக்கே எடுத்துச் சொன்னார். சந்துக்குள் இறங்கி வந்த அறிவுதான் அன்று ஜெயித்தது.

நம் வகுப்பறை அப்படி இறங்கி வந்திருக்கிறதா? தாராவியில் பிளாஸ்டிக் கழிவைத் தரம் பிரிக்கும் 13-ஆவது காம்பவுண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் பிளாஸ்டிக் துண்டைத் தொட்டித் தண்ணீரில் போடுகிறார். பாலிஎத்திலீன் மிதக்கும், பிவிசி மூழ்கும். சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்தி மோந்து பார்ப்பார். அவர் மகன் அதே நேரத்தில் பள்ளியில் 'அடர்த்தி'யை உருப்போட்டுக்கொண்டிருப்பான். இரண்டும் ஒரே பாடம் என்று அப்பனுக்கும் யாரும் சொல்லவில்லை, பிள்ளைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மோந்து பார்க்காதீங்கப்பா" என்று அந்தப் பிள்ளையே தடுத்திருப்பான்.

1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நினைத்தார்கள். மாநகராட்சியும் எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. பள்ளிகள் இருக்கின்றன; அவற்றை அந்தச் சந்தோடு இணைக்க, நம் தமிழ்ச் சங்கங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். வழக்கம்போல் நோட்டுப்புத்தகம் கொடுங்கள், மார்க்குக்குப் பரிசு கொடுங்கள். கூடவே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தத் தொட்டியருகே கூட்டிப்போங்கள். தரம் பிரிக்கும் தொழிலாளி ஒருநாள் வாத்தியாராக நிற்கட்டும். அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கட்டும்.

மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். இத்தனை வருஷமாக நாம்தான் நடக்கவில்லை.