டி.டி.எஸ் குறைந்தால் தண்ணீர் சுத்தமா?

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் தண்ணீர்க் குழு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)

போன அக்டோபரில் நான் செய்த ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் மழை பெய்து வைகை அணையில் நீர்மட்டம் ஏறிய வாரம் அது. சம்ப் தண்ணீரில் டி.டி.எஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கோடையில் காட்டியதைவிட நன்றாகக் குறைந்திருந்தது. "தண்ணீர் இப்போ அருமை" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதே வாரம் பி பிளாக்கில் நாலு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சம்பைத் திறந்தபோது அடியில் நாலு விரல்கடை வண்டல் கிடந்தது.

மீட்டரில் கோளாறு இல்லை. கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் அது காட்டும். கலங்கலும் கிருமியும் அதில் தெரியாது.

அணை இருக்கும் ஆண்டிபட்டிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். கோடை முழுக்கத் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அங்கேயே தங்கும். (2017-இல் அதைத் தடுக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காற்று அடித்துக் கரையில் ஒதுக்கிவிட்டது!) மட்டம் குறைந்த அணையில் வெயில் பட்டுப் பாசி பெருகும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரில் மண்வாடை அடிக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் இந்தப் பாசி வகைகள்தான் காரணம்.

பிறகு வடகிழக்குப் பருவமழை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த நிலத்தில் விழும் முதல் மழை, வருசநாட்டு மலைச்சரிவின் மண், சருகு, சாணம், வயலில் போட்ட உரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அணைக்குள் இறங்கும். மழைத்தண்ணீரில் உப்பு கம்மி என்பதால் டி.டி.எஸ் இறங்குகிறது. கலங்கலும் கிருமியும் ஏறுவதும் அதே நாட்களில்தான்.

பண்ணைப்பட்டியில் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தானே அனுப்புகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் மக்கிய சருகும் வண்டலும் குளோரினைத் தின்றுவிடும். மண்துகளில் ஒட்டிய கிருமியைக் குளோரின் எளிதில் தொடாது. குழாயில் நெடுந்தூரம் வந்து நம் வண்டல் சம்பில் விழும்போது மிச்சம் எவ்வளவு? லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அதனால் இந்த வருஷம் குளோரோஸ்கோப் ஒன்று வாங்குகிறோம். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் வேலை. நிறமே வரவில்லை என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். நம் வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

முதல் மழைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆர்.ஓ வைத்திருப்பவர்கள் முன்வடிகட்டியைப் பாருங்கள், அந்த மாதம்தான் சீக்கிரம் அடைக்கும்.

இதுவரை மே மாதம் சம்ப் கழுவினோம். இனி செப்டம்பர் கடைசி ஞாயிறும் கழுவுகிறோம். அன்று காலை 6 முதல் 11 வரை தண்ணீர் வராது. சனிக்கிழமை இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.