எது சுகப்பிரசவம்?

(தலைப்பு: நல்ல பிரசவத்துக்குப் பெரிதும் துணை நிற்பது உடற்பயிற்சியா? மன தைரியமா? - 'மன தைரியமே' அணியில் பேசியவர் உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கர்ப்பிணிகளை எல்லாம் ஒலிம்பிக் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வீட்டிலே டிவி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "தினமும் நட, குனிஞ்சு வீட்டைப் பெருக்கு, பிள்ளை தானா வந்துடும்" என்றார். ஐயா, அண்ணன் இதுவரை எத்தனை பிள்ளை பெற்றிருக்கிறார்? (சிரிப்பு)

நடை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வலி எடுத்து லேபர் வார்டுக்குள்ளே போகிறாளே, அப்போது அவள் கூட வருவது விளக்குமாறா? அவள் மனசுதானே ஐயா! (கைதட்டல்)

கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1930-களிலேயே சொன்னார். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும் என்று. 1950-களில் பிரான்சு நாட்டு டாக்டர் லமாஸ், மூச்சை நிதானப்படுத்தி வலியைச் சமாளிக்கும் பயிற்சியைப் பரப்பினார். மூச்சு விடுவது மூக்குதான். அந்த நேரத்தில் நிதானமா விடச் சொல்வது யாரு? மனசு!

நம்ம திருச்சி மலைக்கோட்டைக்கே வாங்க. ரத்தினாவதிக்குப் பிரசவ நேரம். பெற்ற தாய் காவிரிக்கு அக்கரையிலே நிற்கிறாள். ஆற்றிலே வெள்ளம். போட்ட திட்டம் எல்லாம் போச்சு! அப்போது சிவபெருமானே தாயாக வந்து துணை நின்றார், தாயுமானவர் ஆனார் என்பது தல வரலாறு. எதிரணியினரே, வந்தவர் யோகாசனமா சொல்லிக் கொடுத்தார்? பக்கத்திலே இருந்து தைரியம் கொடுத்தார் ஐயா! (பலத்த கைதட்டல்) அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-ல் அனுமதித்ததும் இதுக்காகத்தான்.

இனிமேல்தான் முக்கியமான இடம். நடந்தாள், மூச்சுப் பயிற்சி செய்தாள், எல்லாம் செய்தாள். கடைசி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது. இல்லை, கொடி முன்னால் நழுவி வந்துவிடுகிறது. "உடனே ஆபரேஷன்" என்கிறார் டாக்டர். உடம்பை மட்டும் தயார் செய்தவள் இடிந்துபோகிறாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அழுகிறாள். வெளியே வராந்தாவிலே ஒரு சித்தி, "நாங்க எல்லாம் வயக்காட்டுலயே பெத்துட்டு, மிச்ச நாத்தையும் நட்டுட்டு வந்தோம்" என்கிறார். சித்தி, திரும்பி வந்தவங்க கதை சொல்றீங்க. வயக்காட்டிலிருந்து திரும்பி வராதவங்க கதையை யாரு சொல்றது? (சற்று அமைதி, பிறகு கைதட்டல்)

2018-ல் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஓர் இளம் தாய் உயிரிழந்த செய்தியை நாம் படித்தோமே! இயற்கை வேணும் என்கிற ஆசை தப்பில்லை. ஆபத்து வரும்போது வழியை மாற்றிக்கொள்ள மனசு வேணும்.

அதுக்காக எல்லா ஆபரேஷனுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன். அத்தனையும் தேவையா என்று கேட்கத்தான் வேணும். எப்போது கேட்பது? வலியில் துடிக்கும்போதா? ஏழாம் மாசமே டாக்டரிடம் கேளுங்கள். "எந்த நிலைமையில் ஆபரேஷன் செய்வீங்க? கூட யார் இருக்கலாம்? குழந்தையை எப்போ என் கையிலே கொடுப்பீங்க?" முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தேதான் இருப்பாள். பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கலாம், சீக்கிரமே பால் கொடுக்கலாம். இது முன்கூட்டியே தெரிந்தவள் பாதிப் பயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள்.

வளைகாப்பிலே கை நிறைய வளையல் போடுகிறோம், கலவை சாதம் போடுகிறோம். கூடவே ரெண்டு வார்த்தையும் போடுங்கள். "எப்படிப் பொறந்தாலும் சந்தோஷம்மா!" பிரசவம் ஆகி ரெண்டு வாரம் தாண்டியும் பெண் அழுதுகொண்டே இருந்தால் "திமிரு" என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

போனிலே முதல் கேள்வியே "நார்மலா, சிசேரியனா?" என்று கேட்கிறோமே, அதை இன்றைக்கே மாற்றுங்கள். "தாயும் பிள்ளையும் சுகமா?" என்று கேளுங்கள். பெரிய உசுரும் சின்ன உசுரும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தால், எந்த வழியில் வந்தாலும் அதுதான் ஐயா சுகப்பிரசவம்! அதுக்குத் துணை மன தைரியமே என்று நல்ல தீர்ப்பு தாருங்கள் என வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)