மாற்று இருதயமும் மாற்று வழிகளும்

1967ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி, தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில், ஒரு மனிதரின் இருதயம் மற்றொருவரின் மார்பினுள் முதன்முதலாகத் துடித்தது. சத்திரசிகிச்சை செய்தவர் டாக்டர் கிறிஸ்டியான் பார்னாட். நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்னும் பலசரக்கு வியாபாரி. வீதி விபத்தில் மூளை சிதைந்து, மீளும் நம்பிக்கையற்றுப்போன இளம் பெண்ணொருத்தியின் இருதயத்தை, அவள் தந்தையின் சம்மதம் பெற்று அவருக்குப் பொருத்தினர். உலகம் வியந்தது. ஆயின், 18 நாட்களில் அவர் இறந்தார்.

புதிய இருதயம் அவரைக் கைவிட்டதா? இல்லை; அது நன்றாகவே இயங்கியது. அவர் உயிரைக் கொண்டு சென்றது நியூமோனியாக் காய்ச்சல். நம் குருதியிலுள்ள வெண்கலங்கள் காவலாளரைப் போன்றவை. வெளியிலிருந்து வருவது நோய்க்கிருமியாயினும், உயிர்காக்கும் உறுப்பாயினும் அவற்றுக்குப் பகையே. காவலை அடக்க மருந்து கொடுத்தால் கிருமிக்குக் கதவு திறக்கும். கொடாவிடின் இருதயம் அழியும். இதுவே வைத்தியரை வாட்டிய சிக்கல்.

1968ஆம் ஆண்டில் மட்டும் நூறு பேர் வரையில் இச்சிகிச்சையைப் பெற்றனர். பெரும்பாலோர் விரைவில் மாண்டமையால், பல வைத்தியசாலைகள் முயற்சியைக் கைவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் டாக்டர் நோர்மன் ஷம்வே தளராது ஆராய்ந்தார். பின்னர், நோர்வே நாட்டு மண்ணிலிருந்த ஒரு பூஞ்சணம் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தைத் தந்தது. காவலை முற்றாகக் குலைக்காது பகைமையைத் தணிக்கும் அம்மருந்து, 1980களில் நிலைமையை மாற்றியது. இன்று இச்சிகிச்சை பெறுவோருட் பாதிக்கு மேற்பட்டோர் பத்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

எனினும், கிடைக்கும் இருதயங்களோ சில, காத்திருப்போரோ பலர். ஆதலால் வேறு வழிகளும் தேடப்பட்டன. 1982இல் யூட்டாவில் செயற்கை இருதயம் பொருத்தப்பட்டவர், பெரிய இயந்திரமொன்றுடன் பிணைக்கப்பட்டு 112 நாட்கள் வாழ்ந்தார். இன்றோ, சோர்ந்த இருதயத்துக்குத் துணைநிற்கும் சிறு பம்பியைத் தாங்கி, இடுப்பில் மின்கலத்துடன் பலர் நடமாடுகின்றனர். 2022இல் மேரிலண்டில், மரபணு மாற்றிய பன்றியின் இருதயத்தைப் பெற்றவர் இரண்டு மாதங்கள் உயிர்வாழ்ந்தார்.

இவ்வழிகள் ஒருநாள் முழுமை பெறலாம். அதுவரை, இருதயம் மாற்றும் ஒவ்வொரு சிகிச்சையும் வைத்தியரின் கத்தியிலே தொடங்குவதன்று. மகளை இழந்துகொண்டிருந்த அத்தந்தை சொன்னது போன்றதொரு சம்மதச் சொல்லிலேயே தொடங்குகின்றது.