விபத்து இழப்பீட்டு வழக்கு முடிய எத்தனை காலம் ஆகும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலை விபத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு வரும் உறவினர்கள் முதலில் சொல்வது, "கேஸ் போட்டால் பத்து வருஷம் இழுக்கும், கிடைப்பதை வாங்கிக்கொள்" என்பதுதான். அதைக் கேட்டு இருபதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு காலில் வைத்த பிளேட்டை எடுக்க நகையை அடகு வைத்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே உண்மையில் எவ்வளவு காலம் ஆகிறது, ஏன் ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் சட்டம் சொல்லும் கணக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸார் முதல் அறிக்கை தர வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் முழு அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி தொகையைச் சொல்ல 30 நாள். நாம் சம்மதித்தால் பணம் தர இன்னொரு 30 நாள். ஆக மொத்தம் ஐந்து மாதம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பீர்கள். உண்மைதான். விசாரணைக்குப் போனால் இரண்டு மூன்று வருடம் ஆவது சாதாரணம். வண்டியை விற்றவர் ஆர்.சி.யில் பெயர் மாற்றியிருக்க மாட்டார். நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பும். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, தப்பு உங்கள் மேல்தான் என்று கம்பெனி வாதாடும். தீர்ப்பு வந்தாலும் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அது மேலும் சில வருடம்.

இதில் ஒரு தாமதம் மட்டும் நமக்கே தேவையானது. சிகிச்சை முடிந்த பிறகுதான் நிரந்தர ஊனம் எவ்வளவு என்று மருத்துவர் குழு சொல்ல முடியும். அதற்கு முன் சமரசமானால், அடுத்த ஆபரேஷன் செலவு நம் தலையில்தான். மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு சீக்கிரம் முடியும், ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் பிரிவும் உண்டு. அதை ஏற்றுக்கொண்டால் பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு முடிந்துபோகும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சமரசத்துக்கு நிதானம் வேண்டும். மனுப் போட நிதானம் கூடாது. சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். இன்னொரு காரணமும் உண்டு. தீர்ப்பாயம் தரும் வட்டி, மனுத் தாக்கல் செய்த தேதிக்கு முந்தைய காலத்துக்குக் கிடைக்காது. கோர்ட்டில் போகும் மாதங்களுக்கு வட்டி உண்டு. வீட்டில் யோசித்துக்கொண்டிருந்த மாதங்களுக்கு இல்லை. விபத்து திண்டிவனத்தில் நடந்திருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். சென்னை நகரில் அது சிறு வழக்குகள் நீதிமன்றம்.

காலத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது காகிதம்தான். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், ஆட்டோ செலவு, சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். வருமானச் சான்று இல்லாவிட்டால் பாஸ்புக்கும் வருமான வரிக் கணக்கும் பேசும்.

கடைசியாக, தீர்ப்பாகி வரும் பணம் முழுவதும் உடனே கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். ஒரு பகுதியை, குறிப்பாகக் குழந்தைகளின் பங்கை, ஃபிக்சட் டெபாசிட்டில் போடச் சொல்வது வழக்கம். வங்கிக் கவுண்டரில் இருந்த காலத்தில், அப்பாவை இழந்த பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்காக அந்த டெபாசிட்டை உடைக்கக் கேட்டு வந்த தாய்மார்களை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது. தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் வங்கி தொட முடியாது. ஃபீஸ் ரசீதை வைத்து வக்கீல் மூலம் மனுக் கொடுத்தால் உத்தரவு பெறலாம். இதை அவர்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

நம் காலனியில் யாருக்கும் இது தேவைப்பட வேண்டாம். தேவைப்படும் வீடு தெரிந்தால், ஆறுதல் சொல்லப் போகும்போது இந்த 6 மாதக் கணக்கையும் சொல்லிவிட்டு வாருங்கள்.