சைகையைத் திருடுதல் முறையா?

(சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

"விளையாட்டும் ஒழுக்கமும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். மிகப் பரந்த தலைப்பு. இத்தகைய தலைப்பில் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். கேட்டவர்களும் கைதட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆகவே, அமெரிக்க நாட்டுச் சிறுவர் சிறுமியர் ஆட்டங்களில் எழுந்துள்ள ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

சாஃப்ட்பால் ஆட்டம் 1887ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் தோன்றியது. பேஸ்பால் ஆட்டத்திற்குத் தங்கை எனலாம். நம் நாட்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் அது இடம்பெற்றுள்ளதால் உங்களில் சிலர் ஆடியிருக்கவும் கூடும். கிரிக்கெட் மட்டுமே அறிந்தவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பந்தெறிபவர் கையைக் கீழ்வாக்கில் சுழற்றி எறிவார். பந்து தரையில் படாமலே மட்டைக்கு வரும். உயர்நிலைப் பள்ளி மாணவியர் ஆட்டத்தில் எறியும் தொலைவு 43 அடி. பத்து வயதுச் சிறுமியருக்கு 35 அடி. எறிந்த பந்து ஏறத்தாழ அரை நொடியில் வந்துவிடும். விரைவுப் பந்தா, வேகம் குறைந்து ஏமாற்றும் பந்தா, உடலருகே வருமா, விலகிச் செல்லுமா என்பதை அந்த அரை நொடிக்குள் கண்டு முடிவு செய்வதுதான் மட்டை பிடிப்பவள் கற்க வேண்டிய பாடம்.

எந்தப் பந்தை எறிவது என்பதை, மட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கும் பந்து பிடிப்பவள் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டித் தெரிவிப்பாள். மட்டை பிடிப்பவளுக்கு அது முதுகுப்புறம், தெரியாது. ஆனால் அவளுடைய அணியைச் சேர்ந்த ஒருத்தி ஓடிவந்து இரண்டாம் தளத்தில் நின்றுவிட்டால், அவ்விரல்கள் அவளுக்கு நேர் எதிரே தெளிவாகத் தெரியும். உடனே தலைக்கவசத்தைத் தொட்டோ, இடுப்பில் கை வைத்தோ தன் தோழிக்குச் செய்தியைக் கடத்தலாம். இதையே சைகை திருடுதல் என்கிறார்கள்.

பெரியவர்கள் ஊதியம் பெற்று ஆடும் பேஸ்பாலில், வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதை எவரும் குற்றம் என்பதில்லை. காட்டத் தெரிந்தவனுக்கு மறைக்கவும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். கருவி வைத்துப் பார்ப்பதுதான் குற்றம். 2017ஆம் ஆண்டில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியினர் மைதானத்தின் நடுப்புறத்திலிருந்த ஒளிப்படக் கருவியின் காட்சியை, தங்கள் இருக்கைக்கு அருகே வைத்த திரையில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி மட்டையாளருக்குக் குறிப்புக் கொடுத்தார்கள். அவ்வாண்டு வாகையும் சூடினார்கள். 2019 இறுதியில் அவ்வணியில் முன்பு ஆடிய ஒருவரே உண்மையைச் சொன்னார். 2020 ஜனவரியில் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடை. அன்றைக்கே அணி உரிமையாளர் இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று உறுதி பெற்றிருந்ததால், தட்டிய ஆட்டக்காரர்களுக்கோ கேட்டு அடித்தவர்களுக்கோ எந்தத் தண்டனையும் இல்லை. கோடிக்கணக்கில் பணம் பெறும் வளர்ந்த மனிதர்களை இப்படி விட்டுவிட்டது எனக்கு உடன்பாடன்று.

இதனினும் பழைய கதை ஒன்று உண்டு. 1951 அக்டோபர் 3ஆம் நாள், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் பாபி தாம்சன் அடித்த ஓர் அடியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி தோற்றது. அமெரிக்கர்கள் இன்றும் பேசும் அடி அது. கறுப்பின மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்த கதவை 1947இல் திறந்து உள்ளே வந்த ஜாக்கி ராபின்சன், தோற்ற அணியில் இருந்தார். தோழர்கள் தலைகுனிந்து வெளியேறும்போதும், தாம்சன் ஒவ்வொரு தளத்தையும் முறைப்படி மிதிக்கிறாரா என்று அவர் களத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2001இல் முழு விவரம் வெளியாயிற்று. ஜயண்ட்ஸ் அணியினர் மைதானக் கோடியிலிருந்த அறையில் தொலைநோக்கி வைத்து, மின்மணி வழியாகச் சைகைகளை அறிந்துவந்திருக்கிறார்கள். தொலைநோக்கி கூடாது என்று அன்று விதி எழுதப்படவில்லை. எழுதவில்லையென்றால் முறையாகிவிடுமா? முறையானது என்று அவர்களே நம்பியிருந்தால் ஏன் ஐம்பதாண்டு வாய் திறக்கத் தயங்கினார்கள்?

அந்த ஒரு பந்திற்குத் தாம் குறிப்பு எதையும் பெறவில்லை என்றார் தாம்சன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிறுவ இனி எவராலும் இயலாது. தம் சொந்தக் கண்ணாலும் கையாலும் அடித்திருந்தால்கூட, அந்த அடி முழுமையாக அவருடையது என்று சொல்ல முடியாமற் போய்விட்டது. தேர்வு அறையில் பக்கத்துத் தாளைப் பார்த்த மாணவனுக்குத் தானே அறிந்து எழுதிய விடையும் பறிபோவது போலத்தான் இது. நம் பிள்ளைகள் பெறும் மதிப்பெண்ணை வேண்டுமென்றே ஐயத்தோடு பார்ப்பவர்கள் ஊரில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இந்த இழப்பின் அளவு உங்களுக்கு விளங்கும்.

இனிச் சிறுவர்களிடம் வருவோம். லிட்டில் லீக் அமைப்பின் விதி, சைகையைத் திருடி மட்டை பிடிப்பவருக்குக் கடத்துவதை விளையாட்டுப் பண்பிற்கு மாறான செயல் என்கிறது. நடுவர் கண்டால் ஆடும் பிள்ளையையும் அணி மேலாளரையும் வெளியேற்றலாம். பெரியவர்களுக்குக் கண்ணால் பார்ப்பது தகும், பிள்ளைகளுக்குத் தகாதா என்று சிலர் வினவுகிறார்கள். பார்ப்பது தகும் என்பதே என் கருத்து. இரண்டாம் தளத்தில் நிற்கும் சிறுமி விரல்களைக் கவனித்து, எதிரணியின் கணக்கைத் தானே அவிழ்த்தால், அது கூர்மை. அவளைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் அதைக் கடத்தும்போது, மட்டையோடு நிற்கும் தன் தோழி கற்க வேண்டியதை அவள் கற்கவிடாமல் செய்கிறாள். அந்தத் தோழி பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலைக்கவசத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். அடுத்த ஆண்டு குறிப்புச் சொல்ல ஆளில்லாத ஆட்டத்தில் என்ன செய்வாள்? ஆபத்தும் உண்டு. விலகி வரும் என்று நம்பி முன்சாய்ந்து நிற்பவளிடம், எறிபவளின் கைதவறி உடலை நோக்கி வரும் பந்து, ஒதுங்க நேரம் தராது.

பெரும்பாலும் இந்த யோசனை பிள்ளைகளுக்குத் தாமாகத் தோன்றுவதுமில்லை. பல சாஃப்ட்பால் அணிகளில் எந்தப் பந்து என்பதைப் பயிற்சியாளரே ஓரத்திலிருந்து சைகையால் சொல்கிறார். எதிர் ஓரத்திலிருக்கும் பயிற்சியாளர் அதைக் கண்டறிந்து, தம் அணிச் சிறுமியைப் பெயர் சொல்லி ஊக்கினால் ஒரு பந்து, சட்டை எண்ணைச் சொல்லி ஊக்கினால் வேறொரு பந்து என்று பொருள் வைத்துக் கூவுகிறார். முதியோர் இருவர் ஆடும் சதுரங்கத்தில் பிள்ளைகள் காய்களாகிறார்கள். "நன்றாக ஆடு, அம்மா" என்று ஆசிரியர் சொல்லும் சொல்லே கள்ளக் குறிப்பாகிவிட்டால், அந்தப் பிள்ளை பின்னர் எந்தப் பாராட்டை நம்பும்? எனவே நடுவர் வெளியேற்ற வேண்டியது மேலாளரையே. பத்து வயதுப் பிள்ளையை ஆட்டத்தில் இருக்க விடலாம். அவள் சொன்னதைச் செய்தவள். 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத விதியை, பிள்ளைகள் விஷயத்தில் நானே வேண்டுகிறேன். வயது வேறுபாடே காரணம்.

திருடப்பட்ட அணி என்ன செய்வது? மட்டை பிடிப்பவர் மேலேயே பந்தை எறிந்து பழிதீர்ப்பது பேஸ்பாலில் பழைய வழக்கம். அதனைப் பிள்ளைகள் காதில் போடவும் கூடாது. நடுவரிடம் முறையிடலாம், அதைவிட எளிது சைகையை மாற்றிக்கொள்வது. இப்போது பல அணிகளில் சிறுமியர் மணிக்கட்டில் எண்கள் நிரம்பிய சிறு அட்டையைக் கட்டிக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் மூன்று எண்களைக் கூவுவார். அட்டையில் பார்த்தால்தான் எந்தப் பந்து என்பது தெரியும். பெரியவர்களின் பேஸ்பாலில் 2022 முதல் பொத்தானை அழுத்தினால் எறிபவரின் தொப்பிக்குள் ஒலிக்கும் மின்கருவி வந்துவிட்டது. சிறுமியருக்கு அட்டையே போதும். ஒரு நாள் அதன் கணக்கை எதிரணி அவிழ்த்துவிட்டால், மறுநாள் ஆட்டத்திற்கு வேறோர் அட்டை எழுதிக்கொள்ளலாம்.