தொழிலாளராக வந்தார்கள், செர்பியராகத் திரும்பினார்கள்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கல்வி வட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியது)

தோழர்களே!

சென்ற வகுப்பில் யுகோஸ்லாவியா சிதறிய கதையைச் சொன்னேன். கூட்டம் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில், நடவு வேலை செய்யும் மூத்த தோழியர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஏந்தம்பி, அங்கேயும் செங்கொடிதானே பறந்துச்சு? நாப்பத்தஞ்சு வருசம் ஒரே பந்தியில சாப்பிட்ட ஜனங்க, கொடி எறங்கினதும் ஒருத்தர ஒருத்தர் எப்படிக் கொன்னாங்க?" என்று கேட்டார். "ஏகாதிபத்தியச் சூழ்ச்சி அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சொன்னது பாதி பதில்தான். மீதியை இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"அவர்கள் பரம்பரைப் பகைவர்கள், டிட்டோ இரும்புப் பிடியால் அடக்கி வைத்திருந்தார்" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் எழுதின. 1941 முதல் 1945 வரை, ஹிட்லரின் ஆதரவோடு ஆண்ட குரோஷியப் பாசிஸ்டுகள் லட்சக்கணக்கில் செர்பியரைக் கொன்றது உண்மை. செர்பிய வெறியர்கள் முஸ்லிம் கிராமங்களை எரித்ததும் உண்மை. ஆனால் அதே போரில், எல்லா இனத்து உழைப்பாளிகளையும் ஒரே படையில் சேர்த்து நாஜிகளை விரட்டியவர்கள் கம்யூனிஸ்டுகள் என்பதும் உண்மைதானே! அதன் பிறகு 6 குடியரசுகள் ஒரே நாடாயின. கலப்பு மணங்கள் நடந்தன. 1981 குடிக்கணக்கில் 12 லட்சம் பேர், "நான் செர்பியனும் இல்லை, குரோஷியனும் இல்லை, யுகோஸ்லாவியன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறவிப் பகைவர்கள் செய்கிற காரியமா இது?

அப்படியானால் முறிவு எங்கே தொடங்கியது? கூலியில்தான் தொடங்கியது, தோழர்களே!

1980 மே 4-ல் டிட்டோ இறந்தார். நாட்டின் தலையில் சுமார் 2,000 கோடி டாலர் அந்நியக் கடன் இருந்தது. சர்வதேச நிதி நிறுவனம் வந்தது, சிக்கனம் வந்தது. கூலி சுருங்கியது, விலைவாசி ஏறியது. 1989-ல் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் தேய்ந்துபோனது.

தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. 1987-ல் லாபின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. வூக்கோவர் என்ற ஊரில் போரோவோ செருப்பு, ரப்பர் தொழிற்சாலை இருந்தது. 20,000 பேருக்கு மேல் வேலை பார்த்த ஆலை அது. செர்பியர், குரோஷியர், ஹங்கேரியர் எல்லோரும் ஒரே பட்டறையில் தோல் வெட்டினார்கள். 1988 ஜூலையில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தலைநகர் பெல்கிரேடுக்குப் போய் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து கூலி கேட்டார்கள். "நீ எந்த இனம்?" என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 4-ல், பெல்கிரேடின் தொழிற்பேட்டையான ராக்கோவித்சாவிலிருந்து எஞ்சின், டிராக்டர் ஆலைத் தொழிலாளர்கள் அதே நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். அவர்களும் கூலிக்காகத்தான் வந்தார்கள். படி மீது ஏறிப் பேசியவர் செர்பியக் கம்யூனிஸ்டு லீக்கின் தலைவர் ஸ்லோபதான் மிலோஷெவிச். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் வேலைக்குத் திரும்புங்கள் என்றார். திரும்பினார்கள். "தொழிலாளராக வந்தார்கள், செர்பியராகத் திரும்பினார்கள்" என்று பிற்பாடு ஜனங்கள் சொன்னார்கள்.

கவனியுங்கள், தோழர்களே! அந்தக் கோபம் நியாயமான கோபம். வயிற்றிலிருந்து வந்த கோபம். அதை அவர் அணைக்கவில்லை; வேறு வாய்க்காலில் திருப்பிவிட்டார். "உன் கூலி எங்கே போயிற்று?" என்ற கேள்வி, "கொசோவோவில் உன் செர்பியனை அல்பேனியன் என்ன செய்கிறான்?" என்று மாறியது. மற்றக் குடியரசுகளிலும் இதே கதைதான். "எங்கள் பணத்தைத் தெற்கத்தியான் தின்கிறான்" என்று ஸ்லோவேனியாவில் பேசினார்கள். ஸ்லோவேனியரின் தலைவருமானம் கொசோவோவைப் போல ஏழு மடங்குக்கு மேல் இருந்த நாளில் பேசிய பேச்சு இது!

1989 பிப்ரவரியில் கொசோவோவின் த்ரெப்சா ஈயச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அல்பேனியத் தொழிலாளர்கள் சுயாட்சியைக் காக்கக் கோரி எட்டு நாள் பூமிக்கடியில் பட்டினி கிடந்தார்கள். அவர்களும் யுகோஸ்லாவியத் தொழிலாளிகளே. ஆனால் பெல்கிரேடில் திரண்ட பெருங்கூட்டம், அல்பேனியத் தலைவர்களைக் கைது செய் என்று முழங்கியது. மறு மாதமே கொசோவோவின் சுயாட்சி பறிக்கப்பட்டது. கூலிக்காக நாடாளுமன்றம் ஏறிய வர்க்கம், இன்னொரு இனத்துத் தொழிலாளி பட்டினி கிடந்தபோது அவன் பக்கம் நிற்கவில்லை. முதுகெலும்பு ஒடிந்த நாள் அதுதான் என்பேன்.

இப்போது நமக்குக் கசப்பான இடத்துக்கு வருகிறேன். யுகோஸ்லாவியக் கட்சி 1948-ல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டு தனிவழி போன கட்சி. "அது நம் கட்சியல்ல" என்று சொல்லி நான் நழுவிவிடலாம். நழுவ மாட்டேன். மிலோஷெவிச் கம்யூனிஸ்டுக் கட்சிக்குள்ளேயே வளர்ந்தவர். எதிர்ப்பக்கம் குரோஷியாவில் 1990-ல் ஆட்சிக்கு வந்த துஜ்மனும் ஒரு காலத்தில் கம்யூனிஸ்டுகளின் கெரில்லாப் படையில் போரிட்டு, பிறகு ஜெனரலாக இருந்தவரே. 1990 ஜனவரியில் கட்சியின் கடைசி மாநாட்டில் ஸ்லோவேனியத் தோழர்கள் வெளியேறினார்கள், பிறகு குரோஷியர்கள். நாடு உடையுமுன் கட்சி உடைந்தது.

ஏன் உடைந்தது? கட்சி, "சகோதரத்துவமும் ஒற்றுமையும்" என்று சுவரில் எழுதியது. பழைய கொலைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச விடவில்லை. பேசாத புண் உள்ளே சீழ் பிடித்தது. ஆலைகளைத் தொழிலாளரே நடத்துகிறார்கள் என்று சட்டம் சொன்னது. ஆனால் பணமும் பதவியும் குடியரசுக் குடியரசாகப் பங்கு போடப்பட்டன. பதவியைக் காத்துக்கொள்ள விரும்பியவனுக்கு வர்க்கம் தேவைப்படவில்லை. தன் இனம் போதுமாயிருந்தது. தலைமையைத் தட்டிக் கேட்கும் உரிமை கீழே இல்லை. இந்த மூன்றும் வெளிநாட்டான் செய்ததல்ல. ஜெர்மனி 1991 டிசம்பரிலேயே முந்திக்கொண்டு குரோஷியாவை அங்கீகரித்ததும், 1999-ல் நேட்டோ 78 நாள் குண்டு வீசியதும் உண்மை. ஆனால் உள்ளே மூட்டிய நெருப்பைத்தான் வெளியான் விசிறினான்.

போரோவோவுக்கு என்ன ஆயிற்று? 1991 மே 2. மே தினத்துக்கு மறுநாள்! தொழிற்சாலையை ஒட்டிய செர்பியக் கிராமத்தில் 12 குரோஷியப் போலீஸார் கொல்லப்பட்டார்கள். ரைல்-கிர் என்ற குரோஷியப் போலீஸ் அதிகாரி இரு பக்கமும் போய்ச் சமாதானம் பேசினார். ஜூலை 1-ல் அவரைச் சுட்டுக் கொன்றவன் செர்பியன் அல்ல, குரோஷியன்! ஆகஸ்டில் யுகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் வூக்கோவரை முற்றுகையிட்டன. 87 நாளில் ஊர் மண்மேடாயிற்று. ஊர் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோன 200 பேருக்கு மேல் ஓவ்சாரா என்ற பண்ணையில் சுட்டுப் புதைக்கப்பட்டார்கள். ஒரே பட்டறையில் நின்ற கைகள் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் துப்பாக்கி பிடித்தன. அடுத்து பாஸ்னியா: 1992 முதல் 1995 வரை சுமார் ஒரு லட்சம் உயிர்கள். ஸ்ரெப்ரெனித்சாவில் மட்டும் 1995 ஜூலையில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும்.

வென்றது யார்? எந்த இனத்துத் தொழிலாளி வென்றான்? போர்ப் புகையின் மறைவில் பொதுச் சொத்தாயிருந்த ஆலைகள் ஆளும் கட்சிக்கு வேண்டியவர்கள் கையில் போயின. 20,000 பேர் உழைத்த போரோவோவில் இன்று ஆயிரம் பேர்கூட இல்லை.

ஆனால் தோழர்களே, இருட்டில் ஒரு விளக்கும் இருந்தது. பாஸ்னியாவில் துஸ்லா என்று ஒரு சுரங்க நகரம். 1920-லேயே சுரங்கத் தொழிலாளர் எழுச்சி கண்ட மண். 1990 தேர்தலில் பாஸ்னியா முழுதும் இனக்கட்சிகள் வென்றபோது, துஸ்லா அவர்களைத் தோற்கடித்தது. போர்க்காலத்திலும் அந்த நகரசபை இனம் பார்க்கவில்லை. 1995 மே 25-ல் விழுந்த ஒரு குண்டில் 71 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், மாண்டார்கள். அவர்களில் மிகப் பலரை மதம் பிரிக்காமல் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். 2014 பிப்ரவரியில், விற்கப்பட்டு மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்கள் சம்பள பாக்கி கேட்டுத் தெருவுக்கு வந்ததும் இதே துஸ்லாவில்தான். போராட்டம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. "மூன்று மொழியிலும் பசிக்கிறது" என்று அட்டை பிடித்தார்கள். அந்த நகரில் டித்தா என்ற சோப்புத்தூள் ஆலையை 2015-ல் தொழிலாளர்களே மறுபடி ஓட்டினார்கள்.

துஸ்லாவின் ஜனங்கள் தேவர்களல்ல. ஒன்றாகப் போராடும் பழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. மற்ற இடங்களில் ஒற்றுமை சுவரில் எழுதிய எழுத்தாக இருந்தது. மழை பெய்ததும் கரைந்தது.

அம்மா, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கொடி இறங்கியதால் மட்டும் அவர்கள் வெட்டிக்கொள்ளவில்லை. கொடி பறந்தபோதே அதன் கீழ் நின்றவர்கள் ஒருவர் குறையை ஒருவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

நாளை உங்கள் ஷிப்டிலோ, களத்துமேட்டிலோ ஒருவன் வந்து, "உன் கூலியைத் தின்றவன் அந்தத் தெருக்காரன்" என்பான். அவனை அடிக்காதீர்கள். "கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். பிறகு அந்தத் தெருவுக்கே நடந்து போய், அங்குள்ளவனுக்கு என்ன கூலி என்று விசாரியுங்கள். அங்கே ஒருவன் பட்டினிப் போராட்டம் இருந்தால், அவன் பேசுவது எந்த மொழியானாலும், கும்பிடுவது எந்தச் சாமியானாலும், முதல் ஆளாய்ப் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் தவறினால், கட்சி தவறினால், இந்த அம்மா கேட்டதைப்போல நிறுத்திக் கேளுங்கள்.

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!