சேவையகம் ஒரு பெட்டி அல்ல

(பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கிளையன்ட், சர்வர். இதை வலையமைப்புப் பாடத்தில் நடத்துவதுதான் வழக்கம். நான் இன்று வலையமைப்பே இல்லாமல், ஒரே ஒரு கணினியில், ஓர் உரைத்திருத்தியை வைத்து நடத்தப் போகிறேன்.

காரணம் இருக்கிறது. 'சர்வர் என்றால் என்ன?' என்று மேல்நிலை மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் பெட்டியைக் கை காட்டுவார்கள். நாம் தமிழில் வைத்திருக்கும் சொல்லும் அதற்குத் துணை போகிறது. நூலகம், மருந்தகம், உணவகம் என்ற வரிசையில் 'சேவையகம்' என்றதும் அது ஏதோ ஓர் இடம் என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்? சொல்லை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் சர்வர் என்பது முதலில் ஒரு நிரல். காத்திருந்து, கேட்டதைச் செய்து கொடுக்கும் நிரல். போய்க் கேட்கும் நிரல் கிளையன்ட். இரண்டும் ஒரே கணினிக்குள் இருக்கலாம். இது பிடிபடாத மாணவர், பின்னால் தரவுத்தளம் படிக்கும்போது, 'என் மடிக்கணினிக்குள் சர்வர் எப்படி வந்தது?' என்று திணறுவார்.

நான் எடுத்துக்கொண்ட திருத்தி ஈமேக்ஸ். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1976இல் பிறந்தது. இன்று புழக்கத்தில் உள்ள குனு ஈமேக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். விலை இல்லை, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். பழைய கணினியில் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான் குறை. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாகத் திறந்தால் அந்த நேரம் ஒவ்வொரு முறையும் போகும். அதைவிடத் தொல்லை, ஒரு பிரதியில் திறந்து வைத்த கோப்புகளும் வெட்டியெடுத்த வரிகளும் இன்னொரு பிரதிக்குத் தெரியாது.

அதற்கு வழி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஈமேக்ஸை சர்வர் ஆக்கிவிடுவது. ஆல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தி, 'சர்வர்-ஸ்டார்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். 2009இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து, ஜன்னலே இல்லாமல் பின்னணியில் டீமனாகவும் ஓடவிடலாம். பிறகு இன்னொரு முனையத்தில் 'ஈமேக்ஸ்கிளையன்ட்' என்ற சின்ன நிரலை, கோப்பின் பெயரோடு சேர்த்து இயக்குங்கள். அந்தச் சின்ன நிரலுக்குத் திருத்தத் தெரியாது. பெரியவரிடம் போய், 'இந்தக் கோப்பைத் திறங்கள்' என்று சொல்லத் தெரியும்.

நம் பள்ளி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிறார். உதவியாளர் பதிவேட்டை எடுத்துப் போகிறார். சில பதிவேடுகளுக்குக் கையெழுத்து விழும்வரை அங்கேயே நிற்க வேண்டும். சிலவற்றை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஈமேக்ஸ்கிளையன்ட் சாதாரணமாக நிற்கிற வகை. திருத்தி முடித்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி, அடுத்து ஹேஷ் குறியை அழுத்தினால்தான் 'முடிந்தது' என்ற செய்தி அதற்குப் போகும். அப்போதுதான் அது திரும்பும். கட்டளையில் ஹைஃபனும் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் வைத்துவிட்டு வந்துவிடும்.

நிற்பது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். நிரல்களின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் என்ற மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம்மிடம் ஒரு குறிப்பு கேட்கும். அதற்காக ஒரு திருத்தியைக் கூப்பிட்டு, அது முடியும்வரை காத்திருக்கும். கூப்பிட்டது ஈமேக்ஸ்கிளையன்ட் என்றால், அது நிற்கும்வரை கிட்டும் நிற்கும். வைத்துவிட்டு உடனே திரும்பினால், நாம் ஒரு வரி எழுதும் முன்பே 'குறிப்பு காலியாக இருக்கிறது' என்று கிட் வேலையைக் கைவிட்டுவிடும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் கிளையன்ட்-சர்வர் பாடத்தின் பாதி. வரைபடத்தில் இரண்டு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தால் இது தெரிவதில்லை.

மூன்றாவது வகையும் உண்டு. ஹைஃபனும் 'ஈ' எழுத்தும் போட்டால், கோப்புக்குப் பதில் லிஸ்ப் மொழியில் ஒரு கட்டளையையே அனுப்பலாம். இரண்டையும் மூன்றையும் கூட்டு என்று அனுப்புங்கள். கணக்கைப் போடுவது ஈமேக்ஸ், 5 என்ற விடையை முனையத்துக்குக் கொண்டுவருவது கிளையன்ட். மாற்றம் செய்த கோப்புகளையெல்லாம் சேமி என்றும் அனுப்பலாம். திருத்தியின் ஜன்னலை நாம் தொடவே இல்லை.

இதை எட்டாம் வகுப்பில் கணினியே இல்லாமல் நடத்தினேன். ஒரு மாணவி நாற்காலியில் உட்கார்ந்தாள், அவள்தான் திருத்தி. மூன்று பேர் சீட்டு கொண்டுவந்தார்கள். ஒருவன் நின்றான், ஒருவன் வைத்துவிட்டு ஓடினான், ஒருத்தி கேள்வி கேட்டு விடையோடு திரும்பினாள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதைத் தாராளமாகச் செய்யலாம். அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், பக்கத்து கிளாஸ் பையன் வந்து சீட்டு குடுத்தாலும் இவ செய்வாளா?"

அந்தக் கேள்விக்காகவே வகுப்பு எடுக்கலாம். 'மூடிக்கொள்' என்ற கட்டளையை இதே வழியில் அனுப்பினால், சேமிக்காத வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஈமேக்ஸ் மூடிக்கொள்ளும். கோப்பை அழி என்றாலும் அழிக்கும். கீழ்ப்படிகிற நிரலுக்கு, யாருக்குக் கீழ்ப்படிவது என்றும் தெரிந்திருக்க வேண்டுமே! லினக்ஸில் இந்தப் பேச்சு சாக்கெட் என்ற சிறப்புக் கோப்பின் வழியே நடக்கிறது. அந்தக் கோப்பு இருக்கும் அடைவு அந்தப் பயனருக்கு மட்டுமே திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஈமேக்ஸ் சர்வராகத் தொடங்கும். விண்டோஸில் வேறு ஏற்பாடு. சர்வர் தொடங்கும்போது 64 எழுத்துகள் கொண்ட ஒரு திறவுச்சொல்லைத் தானே உருவாக்கி, ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பைப் படிக்க முடிந்த கிளையன்ட், திறவுச்சொல்லைச் சொல்லித்தான் உள்ளே வர முடியும். அந்த மாணவனுக்கு 'அடையாளச் சீட்டு இருந்தால் செய்வாள்' என்று பதில் சொன்னேன். "அந்தச் சீட்டையே திருடிட்டா?" என்றான். திருடினால் உள்ளே வரலாம், ஆகவே அந்தக் கோப்பை யாரும் படிக்க விடக்கூடாது என்றேன்.

விம் என்ற திருத்தியிலும் இதே வசதி இருக்கிறது. சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி வெளியிலிருந்து விசை அழுத்தங்களையே அனுப்பலாம். எல்லா விம் நிறுவல்களிலும் இது சேர்க்கப்பட்டிருக்காது என்பதால் இன்றைக்கு அது வேண்டாம்.

இனி செய்து பார்ப்போம். ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் ஈமேக்ஸைத் திறந்து சர்வரைத் தொடங்கட்டும். மற்றவர் முனையத்திலிருந்து ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, முனையம் திரும்பும்வரை விசைப்பலகையைத் தொடாமல் இருக்கட்டும். எவ்வளவு நேரம் நின்றது, எதைச் செய்ததும் திரும்பியது என்று இருவரும் குறித்து வையுங்கள்.